அரைக்கால்

பள்ளத்தூர் வரவேற்பில் ஒலி பதினொன்றில் இருந்தது,
பேச்சுக்கு அடியில்,
ஜமுக்காளத்துக்குக் கீழே ஊரும் எறும்பு மாதிரி.
தொடுபட்டை ஏழு அங்குலம்.
பிடித்து நகர்த்தக் குமிழ் கிடையாது,
தேய்ந்து பழகப் பள்ளம் கிடையாது.
விரல் எங்கே பட்டதோ அதுதான் அளவு.
வியர்வையைச் சட்டையில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.
இருட்டில், அரைச் சாண் மேலே.

நூற்று நாலு.

இடையில் கிடந்த தொண்ணூற்றிரண்டு எண்களை
யாருமே கேட்கவில்லை.
ஜெனரேட்டர் ஒருதரம் விக்கியது.
விட்டத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.
பால்பணியாரக் கிண்ணத்தோடு நின்ற மாப்பிள்ளையின் தங்கை
முதலில் தன் பட்டைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
கணக்குத் தீர்க்கையில் இரண்டாயிரம் குறைந்தது.
"இடின்னு நெனச்சு வாசல்ல பாதி நாற்காலிய
உள்ள தூக்கிட்டாங்க" என்றார் அடைக்கலம் அண்ணன்,
ஒயரை முழங்கையில் சுற்றியபடி.

வேனில் ஏறும்வரை சிட்டாள் பேசவில்லை.
ஏறியதும் சொன்னாள்:
"மெஷின் மேல பழி போடாத.
கை வச்ச எடத்துல
அந்த நிமிஷமே இருந்தாகணும் ஒனக்கு. எதுலயும்."
கண்டனூர் வளைவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.
அதன் ஒயர்
எதிலும் செருகியிருக்கவில்லை.

புதுவயலில் என் அறைக்குப் பின்சுவர் அரிசி ஆலை.
இரவெல்லாம் ஒரே சுருதி.
அதற்குள் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன்.

முதலில் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன்:
விரல் எங்கே பட்டாலும் அசையாதே,
நீ நிற்கும் எண்ணை அது வந்து கடக்கும்போது மட்டும்
கூடக் கிளம்பு.
நல்ல யோசனைதான்.
ஆனால் நிற்கும் இடம் விரலுக்கு எப்படித் தெரியும்?
உயிரில்லாத பட்டையை
மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தேன்.

பிறகு பங்கு.
போகவேண்டிய தூரத்தில்
ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பங்கு மட்டும்.
காலில் வைத்தால் இன்னும் குதிக்கிறது.
வீசத்தில் வைத்தால்
பந்தி எடுத்தபின் வந்து சேரும் உறவுக்காரர் மாதிரி
விரலை எடுத்தும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.
அரைக்காலில் உட்கார்ந்தது.
பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று,
முதலில் அகல வைத்து
போகப் போக அடி சுருக்கி.
இந்த ஊர்ச் சுவர்களின் வழவழப்பைப் பற்றி
இவ்விடத்தில் ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன்.
சுவருக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை.

தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது.

விரல் நூற்று நாலில். ஒலி தொண்ணூற்றேழில்.
மிச்சம் ஏழு.
ஏழில் அரைக்கால் ஒன்றுக்கும் குறைவு.
முழு எண் மட்டும் தெரிந்த சில்லுக்கு
அது சுழியம்.
நொடிக்கு ஆயிரம் முறை
தன்னோடு சுழியத்தைக் கூட்டிக் கூட்டி
கிளம்பிக்கொண்டிருப்பதாகவே நினைத்து
அங்கேயே நின்றது.

மூன்று மணிக்கு ஆலை ஓய்ந்தது.
காதுக்குள் திடீரென்று ஒரு பள்ளம்.
எட்டுக்குள் வந்துவிட்டால் பங்கு பார்க்காதே,
ஒவ்வொன்றாக நட
என்று ஒரு வரி சேர்த்தேன்.
தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு.

சிட்டாளுக்கு எழுதினேன், நீளமாக.
பள்ளத்தூரில் ஆரம்பித்து
போன வருஷத்துக் கோபம் வரைக்கும்.
அழித்தேன்.
"பட்டை சரியாயிடுச்சு" என்று மட்டும் அனுப்பினேன்.
ஒற்றை டிக். விடியவில்லை இன்னும்.

ஜன்னல் வழியே வந்த தவிட்டுத் தூசு
பட்டையில் படிந்திருந்தது.
ஈரத்துணியால் துடைத்தேன்.
துணியையும் விரலென்று நம்பி
ஸ்பீக்கரில் விட்டுப்போன அந்த ஒற்றை ஸ்வரம்
எழுந்து வந்தது,
தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில்
நடப்பது போல.